பத்தொன்பதாவது நிமிடம்

முதல் அடி விழுந்ததுமே சுலோசனாவுக்குத் தெரிந்துபோயிற்று. மினி பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே கட்டியிருந்த ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் மரியதாஸின் குரல், "நேயர்களே, மணி பத்து முப்பது, இது நம்ம ஊர் நேரம், இந்த வாரம் பூவன்விளை பெண்கள் சிங்காரி மேளக் குழு, தயாரித்து வழங்குபவர் சுலோசனா" என்று சொல்லி ஓய்ந்தது. அடுத்து வந்திருக்க வேண்டியது அவளுடைய சொந்தக் குரல், "பதினான்கு பெண்கள், பத்துச் செண்டைகள், நான்கு இலைத்தாளங்கள்" என்று நிதானமாகத் தொடங்கும் குரல். அது வரவில்லை. அதற்குப் பதிலாகப் பத்துச் செண்டைகளும் ஒன்றாக இடித்தன, பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, முன் இருக்கையில் மீன் சருவத்தைக் காலிடுக்கில் வைத்திருந்த அம்மாள் "யம்மாடி" என்று நெஞ்சில் கை வைத்தாள். மேளத்தில் தொடங்குவது செவ்வாய்க்கிழமை செய்த பிரதி. குரலில் தொடங்குவது புதன்கிழமை செய்த பிரதி. புதன்கிழமை குழுவில் செண்டை அடிக்கும் ஷைனியின் அந்தப் பேச்சை, ஒட்டிய மேளத்தோடு வெட்டி எடுத்தபோது நாற்பது விநாடி குறைந்துபோய், குறைந்ததை நிரப்பத்தான் தொடக்கத்தில் தன் குரலைச் சேர்த்தாள், ஆகவே இரண்டு பிரதியும் ஒரே நீளம், இருபத்தேழு நிமிடம் நாற்பது விநாடி, நிலையத்தில் யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, அவள் ஒருத்தியைத் தவிர இந்த உலகத்தில் யாருக்குமே தெரியாது. ஓடுவது செவ்வாய்க்கிழமைப் பிரதி. அப்படியென்றால் ஷைனி அதில் இருக்கிறாள். பத்தொன்பதாவது நிமிடத்தில் இருக்கிறாள். வாட்ச்சைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு நிமிடம் சொச்சம் இருந்தது. அதை நிறுத்த அது போதும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஒலிபரப்பு அறையின் லேண்ட்லைன் எண்ணை அவள் விரல் தானாகப் போட்டது, இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட எண். எங்கேஜ்ட். நிகழ்ச்சி நடக்கும்போது நேயர்கள் கூப்பிடுவார்கள், நல்லாருக்கு என்பார்கள், பாட்டுப் போடுங்க என்பார்கள், ஒருவர் வாராவாரம் கூப்பிட்டுத் தன் மகனுக்குப் பெண் பார்க்கும் விவரம் சொல்லுவார், மரியதாஸும் பொறுமையாகக் கேட்பான், அவன் சுபாவம் அப்படி. மரியதாஸின் செல்போனுக்குப் போட்டாள். அடித்தது, அடித்து ஓய்ந்தது. ஒலிபரப்பு அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே மர அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அந்த விதியைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தது யார், அவள்தான், மூன்று வருஷம் முன்பு யாரோ ஒருவரின் போன் செய்தியறிக்கை நடுவே பாடியதற்காகக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்து எழுதி ஒட்டியதும் அவள்தான். இப்போது அந்த அலமாரியில் மரியதாஸின் போன் வெளிச்சம் போட்டு நடுங்கி நகர்ந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை, காவலாளி கேட்டில், இன்ஜினியர் டிரான்ஸ்மிட்டர் பக்கம், வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினாள், ப்ரோகிராமை நிறுத்து, தப்பான ஃபைல், பாட்டுப் போடு. இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. மறுபடி லேண்ட்லைன். எங்கேஜ்ட். இறங்கி ஓடினால்? நிலையம் பதினாறு கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது. கடற்கரை ஊரில் சர்ச் பங்கு நாடகக் குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்யப் போகிறாள், மடியில் ரெக்கார்டர், பையில் இரண்டு மைக், பஸ்ஸோ வயலுக்கு நடுவே வளைந்து வளைந்து எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. நகர நகர நிலையம் இன்னும் தூரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் தூரத்தால் என்ன, ஒலி எல்லா இடத்துக்கும் ஒரே நொடியில் போய்விடுகிறதே, பூவன்விளை ஜங்ஷனில் ஷைனியின் கணவன் செல்வின்ராஜின் பைக் ஒர்க்‌ஷாப்புக்கும் போயிருக்குமே.

ஷைனி சொல்லியிருந்தாள். "அவருக்க ஒர்க்‌ஷாப்புல ரேடியோ எப்பவும் ஓடும்கா. கையில கிரீஸ் இருந்தாலும் முழங்கையால திருப்பி வைப்பாரு." பத்து நாளுக்கு முன்பு, ஊர் நூலகக் கட்டிடத்தின் பின்புறம், பயிற்சி முடிந்து எல்லோரும் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்த நேரம். மற்றப் பெண்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள், எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள், எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், திருவிழாவுக்கெல்லாம் கூப்பிடுறாங்க, வீட்டுல சப்போர்ட் பண்றாங்க. சுலோசனாவுக்கு உள்ளுக்குள் சலிப்பு. ஷைனி கடைசி. ஒடிசலான பெண், முப்பது வயதிருக்கும், செண்டையின் வார் தோளில் அழுத்திச் சிவந்த தடம், அதை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினாள். அடிக்கும்போது மனசுக்குள்ள என்ன தோணும் என்று சுலோசனா கேட்டாள். யாரிடமும் கேட்கிற கேள்விதான், பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியே இல்லை. ஷைனி விரலைத் தோளிலிருந்து எடுத்தாள். பிறகு சொன்னாள், ஒரே மூச்சில், சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் மைக்கைக் கையால் பொத்தினாள். "எக்கா, அத போடப்பிடாது. அவரு கேப்பாரு. அவருதான் என்னை பைக்குல கொண்டுவந்து விடுவாரு, ஊருல எல்லாவரும் அவர நல்லவருன்னு சொல்லுவாவ. சனிக்கிழமை கேக்கணும்னு ஜங்ஷன்ல ஒருத்தரு விடாம சொல்லிட்டு நடக்காரு." "போடமாட்டேன், ஷைனி." "சத்தியமா?" "சத்தியமா." அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெண் ஒன்றைச் சொன்னாள், அதைத் திருப்பித் தரக் கேட்டாள், இவள் தருகிறேன் என்றாள்.

ஷைனிக்குக் கூப்பிட வேண்டும். எண்ணை எடுத்தவள் நிறுத்தினாள். போனை அவன் எடுத்துவிட்டால்? அவன் ஒர்க்‌ஷாப்பில் அல்லவா இருப்பான். எடுத்தால்தான் என்ன சொல்வது, ரேடியோவை நிறுத்தச் சொல்லு என்றா, நிறுத்தச் சொன்னால் ஏன் என்பான். பெல் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. இதற்குள் மேளம் முடிந்து குழுத் தலைவி ஸ்டெல்லாபாயின் குரல், முதலில் ஆம்பிளைங்கதான் அடிச்சிட்டிருந்தாவ, நாங்க என்ன மோசமான்னு கேட்டு இறங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மீன்கார அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "கொள்ளாம், நல்ல பேச்சு" என்றாள். கண்டக்டர் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றான். எப்போதும் இப்படி ஒரு பஸ்ஸுக்குள் தன் நிகழ்ச்சியை ஜனங்கள் கேட்பதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை உண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறையும் வாய்த்ததில்லை, நாட்டுப்புறப் பாடகர்கள், கோயில் கொடை வில்லுப்பாட்டு, நூலக ஆண்டு விழா, எத்தனை எத்தனையோ போட்டாள், யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே போட்டாள், இன்றைக்குக் கேட்கிறார்கள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. எழுந்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, இந்த ஸ்பீக்கர் ஒன்றை நிறுத்தினால் ஒர்க்‌ஷாப் ரேடியோ நின்றுவிடாது, ஆனாலும் எதையாவது நிறுத்த வேண்டியிருந்தது. "அண்ணே, ரேடியோவ கொஞ்சம் நிறுத்துங்களேன்." டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா, தலைவலியா?" "ஆமா." பாவப்பட்டுக் குறைத்தார். உடனே பின்னாலிருந்து குரல்கள். "கேட்டுட்டுதானே இருக்கோம்." "எங்க அக்காமாருக்க மேளம் அண்ணே, கூட்டி வையுங்க." கண்டக்டர் அவளிடம், "எக்கா, அந்தப் பக்கம் காத்தாட இருங்க, சரியாயிடும்" என்று ஜன்னலோர இருக்கையைக் காட்டினான். ரேடியோ பழையபடி உயர்ந்தது. இந்த நிகழ்ச்சியைச் செய்தவளே நான்தான் என்று சொல்லிவிடலாமா. சொன்னால் சிரிப்பார்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது. உட்கார்ந்தாள்.

கை தவறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவசரமாக ஃபைலை ஒலிபரப்புப் பட்டியலுக்கு மாற்றும்போது கை தவறியது, அவ்வளவுதான். ஒன்றுக்கு மேளம் முடிவு என்று பெயர், இன்னொன்றுக்கு மேளம் முடிவு இரண்டு. யாருக்கும் தவறும். ஆனால் முதல் பிரதியை ஏன் அழிக்கவில்லை? வெட்டிய அன்றே அழித்திருக்க வேண்டும். அழிக்க மனமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஹெட்போனில் மூன்று தடவை கேட்டாள், இருபத்திரண்டு வருஷத்தில் பிடித்த குரல்களில் இதைப்போல் ஒன்று இல்லை என்று தோன்றியது, புதன்கிழமைப் பிரதியை ஓடவிட்டுப் பார்த்தபோது அது செத்துக்கிடந்தது, மரியாதையாக, சுத்தமாகச் செத்துக்கிடந்தது. தங்கைக்குப் போனில் போட்டுக் காட்டினாள், "இத போடமாட்டியாக்கும், அநியாயம்" என்றாள் தங்கை. அநியாயம்தான் என்று இவளும் நினைத்தாள், எத்தனை பெண்கள் கேட்பார்கள், எத்தனை பேருக்கு ஒரு மூச்சு விட்டதுபோல் இருக்கும். நினைத்தது தப்பா? நினைத்தாள், செய்யவில்லை. செய்யவில்லையா? வெள்ளிக்கிழமை அந்த ஃபைலைத் தொட்டபோது பெயரைப் படித்தாளா இல்லையா? அந்த இடத்தில் வந்து நினைவு நின்றுவிடுகிறது. திரை தெரிகிறது, விரல் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. மறுபடி பின்னால் போய்ப் பார்க்கிறாள், நாற்காலி, மின்விசிறி, மேஜையில் ஆறிப்போன சாயா, விரல், திரை, பெயர் தெரியவில்லை. பட்டியலில் ஏற்றிய பிறகு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது வழக்கம், நேற்று பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பார்க்கவில்லை, அடுத்த பஸ் கால்மணியில் உண்டு என்பதும் தெரியும். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அடுத்த வீட்டில் ஒருத்தி இருந்தாள், சாயங்காலமானால் அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும், முதலில் பாத்திரம் விழும் சத்தம், அப்புறம் அவள் சத்தம். அப்பா உடனே எழுந்து மாநிலச் செய்திகளைச் சத்தமாக வைப்பார். இன்னும் சத்தமாக வைப்பார். அம்மா அரிசி களைந்துகொண்டே இருப்பாள். அணை நீர்மட்டம் நாற்பத்திரண்டு அடி, நாற்பத்திரண்டு அடி. இவள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள்கூட யாரும் எழுந்து அந்தக் கதவைத் தட்டவில்லை. அது நினைவிருந்துதான் ஷைனியின் குரல் அவளை அப்படி உலுக்கியதோ, இல்லை, பெருமைதானோ, நல்ல நிகழ்ச்சி செய்தாள் என்று பெயர் வாங்குகிற ஆசைதானோ, இரண்டையும் எந்த இடத்தில் பிரிப்பது.

பதினேழாவது நிமிடம். லேண்ட்லைன் எங்கேஜ்ட். ஷைனி எடுக்கவில்லை. இத்துடன் எத்தனை முறை கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. ரேடியோவில் ஒரு பெண் இடுப்பை அசைத்து ஆடிக்கொண்டே அடிப்பது ஆரம்பத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னாள், பஸ் சிரித்தது. ஒருவேளை செல்வின்ராஜுக்கு ஏதாவது வண்டி வந்திருக்கும், ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பான், அந்த இரைச்சலில் காதில் விழாது. ஒருவேளை மின்சாரம் போயிருக்கும், சனிக்கிழமை பராமரிப்புக்கு நிறுத்துவார்கள் அல்லவா, எந்தச் சனிக்கிழமை, முதல் சனியா, மூன்றாவதா. ஒருவேளை கேட்டாலும் விளையாட்டென்று எடுத்துக்கொள்வான், எல்லோர் முன்னாலும் சிரித்துவிடுவான். எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு அப்புறம்? பதினெட்டு. இலைத்தாளத்தின் வெண்கல ஒலி மட்டும் கேட்டது, அதைத் தேய்ந்து மறையவிட்டு அதன் மேல் ஷைனியின் குரலைக் கொண்டுவந்தது அவள்தான், எவ்வளவு அழகாகப் பொருத்தியிருந்தாள், ஒரு மூச்சு இடைவெளி விட்டு. அந்த மூச்சு வந்தது. சுலோசனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், பொத்தினாலும் கேட்டது.

"செண்ட தோள்ல ஏறியாச்சின்னா எனக்கு அது தோலு இல்லக்கா. அவருக்க முதுவு. எனக்குத் தந்ததெல்லாம் ஒண்ணு விடாம, எண்ணி எண்ணித் திருப்பிக் குடுப்பேன்." அப்புறம் அந்தச் சிரிப்பு. அப்புறம் பத்துச் செண்டையும் ஒரே நேரத்தில்.

பஸ் ஒரு கணம் திகைத்து, பிறகு ஓவென்று சிரித்தது. "அப்படிப் போடு மக்களே" என்று மீன்கார அம்மாள் தொடையில் தட்டினாள். "புருசன் பாவம்டே" என்றான் யாரோ ஒருவன். டிரைவர் ஒலியைக் கூட்டி வைத்தார். இரண்டு இருக்கை தள்ளி, பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை, மெல்ல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஐந்து நிமிடம் சுலோசனா எதுவும் செய்யவில்லை. போன் கையில் இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை என்பது இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மரியதாஸ் கூப்பிட்டான். "மேடம், இப்பதான் ஃபோன பாத்தேன், மெசேஜ் பாத்தேன், என்ன தப்பான ஃபைல்? ப்ரோகிராம் அருமையா ஓடுது மேடம். ஒம்பது பேரு கூப்பிட்டாச்சு. அந்தப் பொண்ணு சொன்னத திரும்பப் போடுங்கன்னு கேக்காவ. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு இடம் காலியா இருக்கு, போட்டுரட்டா?" "போடாத." "மேடம்?" "மரியதாஸ், போடாத. அந்த ஃபைல பட்டியல்லேருந்து எடு. நான் வந்து சொல்றேன்." வைத்துவிட்டாள். அதை மட்டும் தடுக்க முடிந்தது. இனிமேல் அது யார் காதிலும் புதிதாக விழாது, விழ வேண்டிய காதில் விழுந்தாயிற்று.

அடுத்த நிமிடமே ஷைனி. சுலோசனா எடுத்தாள்.

"எக்கா, பதினோரு மிஸ்டு கால் கெடக்கு. நான் ஃபோன வீட்டுல வச்சிட்டு தொவைக்கப் போனேன். எனக்க சத்தத்த எனக்கே கேக்க வெக்கமாக்கும். நல்லா வந்துதா?"

"ஷைனி, அவரு எங்க?"

"ஒர்க்‌ஷாப்புலதான். பத்துப் பேர சேத்து வச்சி கேக்கப் போறேன்னுட்டுப் போனாரு. ஏன்க்கா, சரியா வரல்லியா?"

"அது ரேடியோல போயிருச்சு. நீ போடாதீங்கன்னு சொன்னது."

"எது?" பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "கேக்கல்லக்கா. சத்தமா சொல்லுங்க. என்னது?"

வேறு வழி இல்லை, சொன்னாள். செண்ட தோள்ல ஏறியாச்சின்னா என்று தொடங்கி, முதுவு என்ற சொல்லையும் எண்ணி எண்ணி என்பதையும் ஒன்றையும் குறைக்காமல், பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சற்றுமுன் கேட்டுச் சிரித்த அதே சொற்கள், இப்போது யாரும் சிரிக்கவில்லை. போனில் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போடமாட்டேன்னு சொன்னீங்களே." சண்டைக்குக் கேட்கவில்லை. தேதியைச் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டாள்.

"தப்பு என்னுதுதான் ஷைனி. என்னை..."

"அதெல்லாம் பொறவு. எப்போ வந்துது?"

"ஏழெட்டு நிமிசம் இருக்கும்."

"ஏழெட்டு நிமிசம்." மூச்சு கேட்டது. "கூட ஆளு இருக்கத்துல உடனே எந்திரிக்க மாட்டாரு. ஆளு போனப்பொறவுதான் வருவாரு. பிள்ள டியூஷன்ல இருக்கு. மேலவிளை வழியாப் போனா கண்ணுல படாது." தனக்குத்தானே பேசுவதுபோல், ஏற்கெனவே பலமுறை போட்டுவைத்த கணக்கைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் வரட்டுமா? நான் அவர்ட்ட சொல்றேன், நான்தான் கேட்டு வாங்கினேன்னு..."

"வரண்டாம். நீங்க வந்தா கோவம் கூடும். வையுங்கக்கா, எனக்கு நேரமில்ல."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். ஒரு புளியமரம், ஒரு குழாய், ஆள் நடமாட்டமில்லாத சாலை. பஸ் மேளத்தோடு போய்விட்டது. பெண்கள் உதவிக்கு ஒரு எண் உண்டு, வாரம் இருமுறை அவளே தன் வாயால் அறிவிக்கிற எண், அதைப் போட்டாள். ஒரு பெண் தணிவாகப் பேசினாள், பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள், என்ன நடந்தது என்று கேட்டாள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றாள் சுலோசனா. பாதிக்கப்பட்டவங்களக் கூப்பிடச் சொல்லுங்க, இல்ல அவங்க இப்ப இருக்கிற இடத்தச் சொல்லுங்க, ஸ்டேஷனுக்குச் சொல்றோம் என்றாள் அவள். இடம் சுலோசனாவுக்குத் தெரியாது. மேலவிளை வழியா என்று மட்டும் சொன்னாள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. கடற்கரை ஊரிலிருந்து பங்குத் தந்தை கூப்பிட்டார், எடுக்கவில்லை. நிலையத்துக்குத் திரும்பும் பஸ் வந்தது, நின்றது, அவள் கையசைக்காததால் போய்விட்டது. பூவன்விளைக்குப் போகலாம், ஜங்ஷனில் போய் நிற்கலாம். நின்று? நீங்க வந்தா கோவம் கூடும். போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினொன்றே கால். பதினொன்று இருபது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், தண்ணீர் சுட்டது. பதினொன்றரை தாண்டி ஒரு குரல் செய்தி வந்தது, ஷைனியிடமிருந்து, பன்னிரண்டு விநாடி. காதோடு வைத்துக் கேட்டாள்.

"ஏறியாச்சு. பிள்ள கூட உண்டு. எங்க போறேன்னு கேக்கப்பிடாது. இனிமே கூப்பிடாதீங்க." பின்னால் பஸ்ஸின் விசில். அப்புறம் ஒரு சின்னக் குரல், பெண்பிள்ளையின் குரல், "அம்மா, நாம திரும்பி எப்ப வருவோம்?"

சுலோசனா மறுபடி ஓட்டினாள். அதற்கு ஷைனி என்ன சொன்னாள் என்பது பதிவில் இல்லை.